வைச்சனியா, இல்லையா?

திருகோணமலை
09.03.2025

அன்புள்ள இராகுலன் அண்ணாவுக்கு,

தங்கை யசோதரா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஒக்லாந்தில் நீங்களும் சுகமாக இருக்க கோணேசர் துணை. வட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறீர்கள். அதனால் இனி மின்னஞ்சலில் கடிதமாகத்தான் எழுதப்போகிறேன். முழுவதும் வாசிக்க வேண்டும், பதிலும் கடிதமாகவே வர வேண்டும்.

உங்கள் கம்பனி அனுப்பிய பெட்டி வந்துவிட்டது. கொழும்புச் சுங்கத்தில் அது கிடந்த காலத்தில் ஒரு பிள்ளை தவழப் பழகியிருக்கும். "நடுவருக்கு உதவும் செயற்கை நுண்ணறிவு" என்று மேலே எழுதியிருந்ததாம். அதைப் பார்த்த அதிகாரி, "சரி, நடுவர் எங்கே?" என்று கேட்டாராம். நானும் பெட்டிக்குள் மடிந்து கிடப்பேன் என்று நினைத்தாரோ தெரியாது.

நான்கு கமராக்களையும் கம்பங்களில் கட்டியாகிவிட்டது. கட்டியது யார் என்று கேட்காதீர்கள். உடற்பயிற்சி ஆசிரியை என்றால் ஏணி ஏறவும் தெரியும் என்று ஊர் நினைக்கிறது. தோளில் ஒரு மைக், காதில் ஒரு கருவி. நேற்றுச் சும்மா போட்டுப் பார்த்தேன். "வணக்கம் நடுவர் அவர்களே, நான் உங்கள் உதவியாளர்" என்று செய்தி வாசிப்பவர் குரலில் ஒருவர் பேசுகிறார். எனக்கு உதவியாளர் வேண்டும் என்று நான் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லையே அண்ணா.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கண்டியிலும் கொழும்பிலும் பச்சைப் புல், பெரிய விளக்கு, ஒரு ஆட்டத்துக்கு மூன்று நடுவர் என்று றக்பி ராஜநடை போடுகிறது. எங்களுடையது சனிக்கிழமை பின்னேர எழுவர் ஆட்டம். இறக்கக்கண்டியில் இருந்து மீன்பிடிக்கிறவர்களும் தம்பலகாமத்தில் இருந்து வயல் செய்கிறவர்களும் வந்து, கடற்கரை மண்ணில் விழுந்து எழும்புகிறார்கள். நடுவர் நான் ஒருத்திதான். இவ்வளவு காசு கொட்டிச் செய்த சாமானை ஏன் எங்கள் தலையில் கட்டினீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்,
யசோதரா

*

ஒக்லாந்து
16.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நான் நல்ல சுகம். அம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா? போட்டேன் என்று அவ சொல்வதை நம்பாதே, குளிசை அட்டையைப் பார்.

நீ இப்படிச் சலித்துக்கொள்வாய் என்று தெரியும். யோசிக்காதே. அது உனக்கு மேலதிகாரி இல்லை, வெறும் உதவியாளர். தான் கண்டதை இத்தனை வீதம் நிச்சயம் என்று உன் காதில் சொல்லும், அவ்வளவுதான். கடைசி விசில் உன்னுடையது. ஏன் திருகோணமலை என்றால் அது பெரிய கதை, பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். நான் விளையாடின காலத்திலேயே எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் இருந்ததல்லவா? பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால்தான் ட்ரை, ஐந்து புள்ளி. பந்தோடு ஒருவன் விழ, அவனுக்கு மேல் நாலுபேர் விழுந்தால், அடியில் நடந்தது நடுவருக்குத் தெரியாது. அப்போது எல்லோரும் பின்னுக்குப் போக, பந்தோடு கிடந்தவன் மட்டும் எழும்பி நிற்பான். "வைச்சனியா, இல்லையா?" என்று நடுவர் கேட்பார். வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அவன் சொல்வதுதான் முடிவு. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. வழமைபோல் கேள். கொஞ்சம் சத்தமாக, மைக்குக்குக் கேட்கும்படி கேள்.

அன்புடன்,
அண்ணா

*

திருகோணமலை
27.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். என் சுகத்தை உங்கள் உதவியாளர் கெடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்து அறியத்தருகிறேன்.

முதல் சனிக்கிழமை. ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. காதில், "சிவப்பு அணியில் எட்டு வீரர்கள். தயவுசெய்து கவனிக்கவும்" என்கிறார். எழுவர் ஆட்டத்தில் எட்டாவது ஆள் யார் என்று விசிலை ஊதி நிறுத்தி எண்ணினால், ஏழுதான். விளையாட விட்டேன். மறுபடியும் "எட்டு வீரர்கள்." நாலாம் தரம் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் நின்று மண்ணில் முளைத்த புல்லை மேய்கிறது! திருகோணமலையில் மான் சந்தைக்குள்ளும் வரும், பஸ் நிலையத்துக்குள்ளும் வரும் என்று அந்தக் கம்பனியில் ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்தானே? பிறந்த ஊரை அதற்குச் சொல்லிக்கொடுக்காமலா அனுப்பினீர்கள்?

இந்த முறை கச்சான் காற்று முந்திவிட்டது. காற்று அடித்தால் காதுக்குள் ஒரே இரைச்சல், அதற்குள் "காத்திருக்கவும், காத்திருக்கவும்" என்று ஒரு முனகல். பதினாலு ஆம்பிளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்க, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா வேலிக்கரையில் இருந்து, "பிள்ளைக்குக் காது குத்தோ?" என்று கேட்கிறா.

இதெல்லாம் போகட்டும். எனக்கு வயிறு எரிகிற விசயம் வேறு. நேற்று இறக்கக்கண்டித் துவாரகன் பந்தோடு குவியலுக்குள் விழுந்தான். கடலுக்குப் போகிறவன், எங்கள் ஆட்டக்காரரில் அவனை ஓடிப் பிடிக்க ஆளில்லை. எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டேன், "வைச்சனியா, இல்லையா?"

அவன் சிரித்தான். "அதுதானே ரீச்சர், நாலு கமரா இருக்கு. மெஷினைக் கேளுங்கோவன்."

மெஷின் "ஐம்பத்தொரு வீதம்" என்றது. ஐம்பத்தொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன, கறியா வைப்பது? அதற்குப் பிறகு விழுந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதை, மெஷினைக் கேளுங்கோ, மெஷினைக் கேளுங்கோ. அண்ணா, கோடு பார்க்க ஆளில்லாத மைதானத்தில் நான் ஒருத்தி இத்தனை வருசம் விசில் ஊதுகிறேன் என்றால், அது இவர்கள் வாயில் இருந்து வந்த உண்மையை நம்பித்தான். அது போனால் எனக்கு அங்கே வேலையே இல்லை.

மைக்குக்குக் கேட்கும்படி ஏன் கேட்கச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சலித்துப்போன தங்கை,
யசோதரா

*

ஒக்லாந்து
04.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். இங்கே குளிர் தொடங்குகிறது. காலில் வீக்கம் என்று அம்மா போனில் சொன்னா, வற்றிவிட்டதா? மருந்தை மாற்றினார்களா?

மான் விசயத்தைக் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருத்திவிட்டோம். இனி மானை எண்ணாது. காற்றுக்கும் மைக்கில் ஒரு பஞ்சு உறை போட்டால் சரி, அனுப்புகிறேன்.

உன்னைப் பாராட்ட வேண்டும், விசில் ஊதும் நேரமெல்லாம் மிகத் துல்லியம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு குறைதான். போன இரண்டு கிழமையும் பதில்கள் மிகவும் குறைந்துவிட்டன. முதல் கிழமை நன்றாக வந்தது. தயவுசெய்து விடாமல் கேள், அவர்களைச் சொல்ல வை.

அன்புடன்,
அண்ணா

*

திருகோணமலை
11.05.2025

அண்ணா,

அம்மா சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. மற்றக் கதைகளைப் பிறகு பார்ப்போம்.

பதில்கள் குறைந்துவிட்டதா? எந்தப் பதில்கள்? ஆட்டக்காரர் எனக்குச் சொல்கிற பதிலை ஒக்லாந்தில் இருந்து யார் எண்ணுகிறார்கள்? எதற்கு எண்ணுகிறார்கள்? ஏன் எங்கள் ஊர் என்று நான் கேட்ட கேள்வியும் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. அம்மாவின் காலைப் பற்றி இரண்டு வரி எழுதி என்னைப் பேய்க்காட்ட வேண்டாம். சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு, "தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவீர்களே, அந்தக் குரல் கடிதத்திலும் எனக்குக் கேட்கிறது.

உள்ளதை எழுதுங்கள்.

யசோதரா

*

ஒக்லாந்து
15.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலை என்று சொல்லலாம். வேலை இல்லை, வெட்கம்தான். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன். குவியலுக்கு அடியில் நடப்பதைக் கமராவாலும் பார்க்க ஏலாது. மெஷினுக்குப் படிப்பிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்தையும் காட்டி, இது ட்ரை, இது இல்லை என்று சரியான விடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த விடை ஒருவரிடமும் இல்லை. மற்ற நாடுகளில் ஆட்களை இருத்திப் படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்கிறோம். ஊகத்தில் படித்த மெஷின் ஊகித்துக்கொண்டே இருக்கும். வேறு இடத்தில் ஆட்டக்காரனைக் கேட்டால், எல்லோரும் வைத்தேன் என்றுதான் சொல்வார்கள்.

ஒருநாள் கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், "எங்கள் ஊரில் கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள்" என்று. முதலில் சிரித்தார்கள். பிறகு நீ முகநூலில் போட்டிருந்த பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் ஆட்டக்காரன் சொன்னதும் படமும் ஒன்றாகவே இருந்தன. ஒரு பொய் கூட இல்லை. அன்றைக்கே திருகோணமலை என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆட்டக்காரர் சொல்லும் பதிலை மைக் எடுத்து மெஷினுக்குக் கொடுக்கிறது. இப்போது அது படத்தையும் பார்க்கிறது, அவர்கள் வார்த்தையையும் நம்புகிறது.

பெருமையாகத்தான் சொன்னேன் யசோ. ஆனால் உன்னைக் கேட்காமல் சொன்னேன். என் ஒப்பந்தம் செப்டெம்பரில் முடிகிறது. இது சரிவந்தால் நீடிப்பார்கள், விசாவும் அதோடுதான் தொங்குகிறது.

கோபிக்காதே.
அண்ணா

*

திருகோணமலை
22.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். கோபிக்காதே என்று எழுதினால் கோபம் வராது என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த மெஷினா?

எங்கள் ஊராரின் வாய்ச்சொல்லை அவர்களுக்கே தெரியாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பார்கள், அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. மூன்று நாள் நான் அம்மாவோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. நீங்கள் செய்த வேலைக்கு அம்மா என்னிடம் பேச்சு வாங்கினா.

பிறகு யோசித்தேன். மறைத்ததால் வந்த வினையை மறைக்காமல் விட்டால் தீர்க்கலாம் என்று. நேற்று ஆட்டத்துக்கு முன்னம் எல்லா அணிகளையும் கூப்பிட்டு இருத்தி, நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். "நீங்கள் மெஷினைக் கேளுங்கோ எண்டு சொல்லுறியள். அந்த மெஷின் உங்களைக் கேட்டுத்தான் படிக்குது. நீங்கள் உண்மை சொல்லாட்டி அதுக்குக் கண் இல்லை" என்றேன். அண்ணா, அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தம்பலகாமத்தார் கைதட்டினார்கள். துவாரகன், "அப்ப நாங்கள்தான் அதுக்கு வாத்தியார்" என்று நெஞ்சை நிமிர்த்தினான். அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் கேட்ட போதெல்லாம் பதில் வந்தது. இரண்டு பேர் "வைக்கேல்ல" என்று தாங்களாகவே சொன்னார்கள்.

இறக்கக்கண்டிக் கப்டன் ரிஷாத் மட்டும் கைதட்டவில்லை. அவன் அதிகம் கதைக்காதவன். கடைசியாக எழும்பி, "அப்ப நாங்கள் என்ன சொன்னாலும் அது நம்புமா ரீச்சர்?" என்று கேட்டான்.

"ஓம், நம்பும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

கோபம் பாதி குறைந்த,
யசோதரா

*

திருகோணமலை
03.08.2025

அண்ணாவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

போன கடிதம் கிடைத்த அன்றே, "ஏன் சொன்னாய்? அது எப்படி நம்புகிறது என்று ஆட்டக்காரருக்குச் சொல்லவே கூடாது!" என்று வட்ஸ்அப்பில் ஆச்சரியக்குறிகளாகக் கொட்டியிருந்தீர்கள். முதன்முதலாகப் பெருவிரல் படம் இல்லாமல் ஒரு செய்தி. எனக்குச் சினம் ஏறியது. மறைத்தவர் எனக்குப் புத்தி சொல்கிறாரே என்று பதில் போடாமல் விட்டேன். இப்போது போடுகிறேன். நீங்கள் சொன்னது சரி.

நேற்று இறுதியாட்டம். இறக்கக்கண்டியும் தம்பலகாமமும். கடைசி நிமிடம், இறக்கக்கண்டி நாலு புள்ளி பின்னுக்கு. ஒரு ட்ரை வைத்தால் கப் அவர்களுக்கு. துவாரகன் கடற்கரைப் பக்கத்தால் ஓடிவந்து கோட்டில் விழ, கூட ஓடிவந்த ரிஷாத்தும் பக்கத்தில் விழுந்தான், மேலே தம்பலகாமத்தார் மூன்று பேர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷின் "காத்திருக்கவும்" என்றது. எல்லோரையும் பின்னுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

துவாரகன் எழும்பினான். இவ்வளவு காலமும் பதில் சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இவன் என் தோளைப் பார்த்துக் குனிந்து, மைக்குக்குள், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், "வைச்சனான்."

உடனே காதில் வந்தது, "ட்ரை. தொண்ணூற்றேழு வீதம்."

இதுவரை அது என்னோடு அவ்வளவு நிச்சயமாகக் கதைத்ததே இல்லை. நான் உள்ளங்கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, "இப்ப எனக்குச் சொல்லு" என்றேன். அவன் மண்ணைப் பார்த்தான். அப்போது ரிஷாத் முன்னுக்கு வந்தான். வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஒன்று சொன்னான். நான் ட்ரை இல்லை என்று ஊதினேன்.

மைதானம் கொதித்தது. மெஷின் சொன்னது இறுதியாட்டத்துக்கென்று வைத்த புள்ளிப் பலகைத் திரையிலும் விழுந்திருக்கிறது, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "மெஷின் குடுத்ததை இல்லையெண்ண நீ ஆர்?" என்று ஒருவர் கத்தினார். ஒரு பிளாஸ்ரிக் கதிரை பறந்து வந்தது. கப்பைத் தம்பலகாமத்தார் வாங்கினார்கள், ஆனால் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார்கள்.

ஊரைக் கெடுத்தது நீங்களா, நானா என்று இரவு முழுக்கக் கணக்குப் பார்த்தேன். இரண்டு பேரும் சரிபாதி.

யசோதரா

*

ஒக்லாந்து
06.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கதிரை உன்மேல் படவில்லையே? எழுதாமல் விட்டாய். கடிதத்தில் அந்த இடத்தைத்தான் முதலில் தேடினேன்.

இங்கே பெரிய பிரச்சினை. அந்த ஒரு நிகழ்வை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் தொண்ணூற்றேழு என்கிறது, நடுவர் இல்லை என்கிறார். யாரோ ஒருவர் பிழை. யார் என்றாலும் பரவாயில்லையாம், ஆனால் விடை வேண்டுமாம். நீ மைக்கைப் பொத்தியதால் ரிஷாத் சொன்னது பதியவில்லை. திருகோணமலையில் விடை கிடைக்கும் என்று நம்பித்தான் இவ்வளவு செலவு, அங்கேயும் இல்லையென்றால் திட்டத்தை மூடுவோம் என்கிறார்கள்.

அவன் என்ன சொன்னான் யசோ? ஒரு வரி போதும். என் நிலைமை உனக்குத் தெரியும்.

அவசரத்தில்,
அண்ணா

*

திருகோணமலை
17.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கதிரை என்மேல் படவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அம்மா அதை நிமிர்த்தி வைத்து, கையில் இருந்த வயர்க்கூடையை அதில் வைத்துவிட்டா. அவ்வளவு சுகம் அவ.

உங்கள் கம்பனி கேட்டால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தின் கீழே அண்ணா என்று இருந்தது. அதனால் சொல்கிறேன்.

ரிஷாத் சொன்னது இதுதான். "ரீச்சர், அவன் வைக்கேல்ல. பந்துக்குக் கீழ என்ரை கைதான் கிடந்தது. எங்களுக்குக் கப் வேண்டாம். ஆனா அந்தப் பெட்டிக்கு இதைச் சொல்லாதேங்கோ. அவன்ரை பேர் கெட்டுப்போம்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். உங்களுக்கு விசா முக்கியம். எழுதுங்கள்.

இங்கே கதை குவியலில் கிடந்தவர்கள் வாயால் இரண்டு நாளில் வெளியில் வந்துவிட்டது. துவாரகன் மீன் கொண்டுவந்து போட்டால், ஏலம் கூறுகிற இடத்தில் ஒருவரும் கேட்பதில்லை. "இண்டைக்குப் பிடிச்சதோ? மெஷினைக் கேட்டுச் சொல்லு" என்கிறார்கள். பாரைக்குட்டி கண்ணைத் திறந்துகொண்டு பளபளவென்று கிடக்கிறது, வாங்க ஆளில்லை. போன வெள்ளிக்கிழமை ரிஷாத் வந்து முதல் கூறு மீனை எடுத்தான். அதற்குப் பிறகு மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். மன்னிக்கிறதற்கும் எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

யசோதரா

*

ஒக்லாந்து
07.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

விடை எழுதும் கட்டத்தில் "தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் எழுதினேன்.

ஏன் என்று நீ கத்துவாய். கேள். நான் உண்மையைப் போட்டால், துவாரகனின் முகமும் குரலும் இருக்கும் அந்தத் துண்டுக்குப் "பொய்" என்று பெயர் விழும். அதை வைத்து, பொய் சொல்கிறவனின் குரல் எப்படி இருக்கும் என்று மெஷினுக்குப் படிப்பிப்பார்கள். அதைப் பிறகு எத்தனை நாட்டுக்கு விற்பார்கள் என்று எனக்கே தெரியாது. ஊரில் ரிஷாத் ஒரு கூறு மீன் வாங்க எல்லாம் தீர்ந்துபோனது. இங்கே தீர்த்துவைக்க ஒரு ரிஷாத் இல்லை. ஒருமுறை அவனை விற்றாகிவிட்டது, இன்னொரு முறை விற்க மனம் வரவில்லை.

திட்டத்தை மூடிவிட்டார்கள். ஒப்பந்தம் நீடிக்கவில்லை. விசா டிசெம்பர் வரை. கமராக்களைக் கழற்ற ஆள் வரும், நீ ஏணியில் ஏறாதே. அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்லாதே.

அண்ணா

*

திருகோணமலை
14.09.2025

மொக்கு அண்ணாவுக்கு,

அம்மா சுகம். விசயம் தெரிந்தபிறகும் சுகம். நான் சொல்லிவிட்டேன். இந்தக் குடும்பத்தில் இனி மறைக்கிற வேலை வேண்டாம்.

நான் அதை எழுதினதே நீங்கள் எழுதிக் கொடுக்கட்டும் என்றுதான்! ஒரு கிழமை நித்திரையில்லாமல் யோசித்து, ரிஷாத்துக்குத் தலையாட்டினதையும் மீறி, என் அண்ணாவின் வேலைதான் பெரிது என்று எழுதினேன். அதை வாங்கி வாசித்துவிட்டு நீங்கள் தர்மவானாகிவிட்டீர்கள். ஆகவேண்டிய நேரத்தில் ஆகவில்லை, மார்ச் மாதத்தில் ஆகியிருந்தால் ஒருவருக்கும் சேதமில்லை. வேலை போகும்படி ஆகிறீர்கள். உங்களோடு எனக்கு ஏலாது. குசினிக்குள் போய்ச் சட்டி பானையெல்லாம் உருட்டினேன். பிறகு அதே குசினிக்குள் இருந்து அழுதேன். கோபத்தில் பாதிதான் அழுதது. மிச்சப்பாதி, நீங்கள் இன்னும் எங்கள் ஆள்தான் என்று.

நேற்றுச் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று வைத்தோம், இறக்கக்கண்டியும் குச்சவெளியும். துவாரகனை ரிஷாத்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டாம் பாதியில் அவன் பந்தோடு விழுந்தான். மேலே நாலு பேர். கேட்காமல் விட்டுவிடலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன் அண்ணா. அவன் மறுபடி பொய் சொன்னால் அதோடு முடிந்தது, இனி ஒருவரையும் நான் கேட்க ஏலாது.

கேட்டேன். "வைச்சனியா, இல்லையா?"

எழும்பி மேலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகு, "தெரியாது ரீச்சர்" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "தெரியாது எண்டு மெஷின் சொல்லலாம். பந்து உன்ரை கையில இருந்தது. வைச்சனியா, இல்லையா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வைக்கேல்ல ரீச்சர்" என்றான். "நழுவிப்போட்டுது."

நான் ஊதினேன். குச்சவெளியார் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் கைதட்டவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. இறக்கக்கண்டி தோற்றது.

டிசெம்பர் வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். வருவதென்றால் வாருங்கள். என் கோபம் அதுவரை தாங்கும்.

அன்புத் தங்கை,
யசோதரா